இதய நோயால் மறைந்த கன்ட்ரி இசைக் கலைஞர்கள்: ஒரே சொல்லுக்குள் மறைந்திருக்கும் பல நோய்கள்

அமெரிக்க கன்ட்ரி இசையின் முன்னணிக் கலைஞர்கள் பலரின் மரணச் செய்திகளில் 'இதய நோய்' என்ற காரணமே இடம்பெற்றுள்ளது. ஆனால் 29 வயதில் காரின் பின்னிருக்கையில் உயிரிழந்த ஹேங்க் வில்லியம்ஸுக்கும், 89 வயதில் மறைந்த ராய் அகஃபுக்கும், இறந்து ஓராண்டு கழித்து உடல் தோண்டியெடுக்கப்பட்டு ஆய்வு செய்யப்பட்ட டேமி வைனெட்டுக்கும் நேர்ந்தது ஒரே நோய் அல்ல.

பிரபலம் ஒருவர் திடீரென இறந்தால் 'மாரடைப்பால் காலமானார்' என்று எழுதுவதும் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. மருத்துவம் அந்த ஒரே சொல்லைப் பலவாகப் பிரிக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைதல், ரத்தத்தை உந்தும் ஆற்றல் குறைதல், வால்வு பழுதடைதல், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிதல் ஆகியவை வெவ்வேறு நோய்கள். அவற்றின் அறிகுறிகளும் சிகிச்சைகளும் வேறுபடுகின்றன. ஒன்றை மற்றொன்றாகக் கருதிச் சிகிச்சை அளித்தால் உயிரே போகக்கூடும். இந்த வேறுபாடுகளைக் கன்ட்ரி இசைக் கலைஞர்களின் வாழ்க்கை வழியே விளக்குகிறது இத்தொகுப்பு.

கன்ட்ரி இசையும் கலைஞர்களின் வாழ்க்கையும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உழைக்கும் மக்களிடையே வளர்ந்தது கன்ட்ரி இசை. டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் 1925-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வானொலி நிகழ்ச்சி, பின்னர் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற பெயரில் இவ்விசையின் முதன்மை மேடையாக மாறியது. 1927-இல் அதே மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒலிப்பதிவுகளின் மூலம் ஜிம்மி ராஜர்ஸ், கார்ட்டர் குடும்பத்தினர் ஆகியோர் நாடறிந்தனர். இத்துறையின் மிக உயர்ந்த அங்கீகாரமான 'கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்' 1961-இல் நிறுவப்பட்டது. இந்தியாவில் இவ்விசையை ஒரு தலைமுறைக்கு அறிமுகப்படுத்திய குரல்களில் முக்கியமானது ஜிம் ரீவ்ஸின் குரல். அவர் 1964-இல் விமான விபத்தில் உயிரிழந்தார்.

இக்கலைஞர்களின் வருவாய் பெரும்பாலும் ஊர் ஊராகச் சென்று நடத்தும் நிகழ்ச்சிகளையே சார்ந்திருந்தது. இரவில் மேடை, நள்ளிரவுக்குப் பின் பல நூறு கிலோமீட்டர் பயணம், மறுநாள் வேறு ஊரில் மேடை என்பதே வழக்கம். நேரம் தவறிய உணவு, குறைந்த உறக்கம், மது, புகை ஆகியவை அந்த வாழ்க்கையோடு கலந்திருந்தன. விழித்திருப்பதற்காக ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளை உட்கொள்ளும் பழக்கமும் சிலரிடம் இருந்தது. ஜானி கேஷ் இப்பழக்கத்தோடு பல ஆண்டுகள் போராடியதை வெளிப்படையாகவே பதிவு செய்துள்ளார்.

புகையிலை இத்துறைக்கு வெளியே இருந்த ஒன்றும் அல்ல. 1939-ஆம் ஆண்டு முதல் கிராண்ட் ஓல் ஓப்ரியின் ஒரு பகுதி நாடு முழுவதும் ஒலிபரப்பானபோது, அதற்கு நிதி அளித்தது 'பிரின்ஸ் ஆல்பர்ட்' என்ற புகையிலை வணிகப் பெயர்தான். புகைபிடித்தல் உயிருக்கு ஆபத்தானது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டது 1964 ஜனவரியில்.

ஹேங்க் வில்லியம்ஸ்: சான்றிதழ் விடையளிக்காத கேள்வி

அலபாமாவில் 1923-ஆம் ஆண்டு பிறந்த ஹேங்க் வில்லியம்ஸ், கன்ட்ரி இசையின் மிகப் பெரிய பாடலாசிரியராகக் கருதப்படுபவர். பிறவியிலேயே முதுகெலும்பில் குறைபாடு இருந்ததால் கடும் வலியோடு வாழ்ந்தார். 1951 இறுதியில் நடந்த முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலி குறையவில்லை. மதுவும் வலி நிவாரண மருந்துகளும் அவரது அன்றாடத்தில் இடம்பிடித்தன. நிகழ்ச்சிகளுக்கு ஒழுங்காக வராததால் 1952 ஆகஸ்டில் கிராண்ட் ஓல் ஓப்ரி அவரை நீக்கியது.

1953 புத்தாண்டு நாளன்று ஓஹியோ மாநிலம் கேன்டன் நகரில் அவரது நிகழ்ச்சி நடைபெறுவதாக இருந்தது. மோசமான வானிலையால் விமானப் பயணம் தடைபட, கல்லூரி மாணவர் ஒருவர் ஓட்டிய காரில் அவர் புறப்பட்டார். வழியில் நாக்ஸ்வில் நகர ஹோட்டலில் அவருக்கு ஒரு மருத்துவர் வைட்டமின் பி12 கலந்த மார்ஃபின் ஊசி செலுத்தினார். இரவு முழுவதும் பயணம் தொடர்ந்தது. ஜனவரி 1 அதிகாலையில் மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் பகுதியில், பின்னிருக்கையில் அவர் உயிரற்றுக் கிடந்தது தெரியவந்தது.

மரணத்துக்கான காரணம், 'இதயத்தின் வலது கீழறையின் செயல் குறைபாடு' எனப் பதிவானது. இதயம் எவ்வாறு நின்றது என்பதை இது கூறுகிறது. ஏன் நின்றது என்பதைக் கூறவில்லை. மருத்துவர் எனப் பொய்யாகக் கூறிக்கொண்ட ஒருவர், குளோரல் ஹைட்ரேட் என்ற உறக்க மருந்தை வில்லியம்ஸுக்குப் பரிந்துரைத்து வந்தது பின்னர் தெரியவந்தது. அது, மது, மார்ஃபின் ஆகிய மூன்றுமே மூச்சு மையத்தையும் இதயத்தையும் தளர்த்தக் கூடியவை. ஒன்றாகச் சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது.

அந்தக் காலத்து மருத்துவத்தின் எல்லையும் இங்கே நினைவுகூரத்தக்கது. நின்றுபோன இதயத்தை, மார்பை அழுத்தி இயங்கச் செய்யும் முதலுதவி முறை மருத்துவ உலகில் விளக்கப்பட்டது 1960-ஆம் ஆண்டில்தான். காரில் ஒருவர் மூச்சின்றிக் கிடப்பதைக் கண்ட ஒரு மாணவருக்கு 1953-இல் அத்தகைய வழி எதுவும் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை.

வில்லியம்ஸ் 1961-இல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் மூவரில் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். அவரது பாடல்களை வெளியிட்டு அவரை வளர்த்தெடுத்த ஃபிரெட் ரோஸும் அந்த மூவரில் ஒருவர். ரோஸ் 1954 டிசம்பர் 1 அன்று மாரடைப்பால் காலமானார். மூன்றாமவர், 1933-இல் காசநோயால் 35 வயதில் இறந்த ஜிம்மி ராஜர்ஸ். 2010-இல் வில்லியம்ஸுக்குப் புலிட்சர் அமைப்பின் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது.

மாரடைப்பு: மார்ட்டி ராபின்ஸுக்குக் கிடைத்த 13 ஆண்டுகள்

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்பு படிந்து, அதன்மீது ரத்தக் கட்டி உருவாகி ஓட்டம் தடைபடும்போது தசையின் ஒரு பகுதி இறக்கத் தொடங்குகிறது. மருத்துவம் மாரடைப்பு என்று அழைப்பது இதைத்தான்.

அரிசோனாவில் 1925-இல் பிறந்த மார்ட்டி ராபின்ஸ், 1959-இல் வெளியான 'எல் பாசோ' பாடலால் புகழ்பெற்றவர். அப்பாடல் அவருக்கு கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. பாடகராக இருந்துகொண்டே நாஸ்கார் கார் பந்தயங்களிலும் அவர் பங்கேற்று வந்தார். 1969-இல் அவருக்கு முதல் மாரடைப்பு ஏற்பட்டது. 1970 ஜனவரியில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது.

காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயைக் கொண்டு அடைப்பைத் தாண்டி புதிய வழி அமைக்கும் இம்முறையை அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் 1967-இல் செய்து காட்டியிருந்தார். மூன்று ஆண்டுகள்கூட நிறைவுறாத அந்தப் புதிய சிகிச்சைக்கு ராபின்ஸ் தம்மை ஒப்படைத்தார். அதன்பின் மேடைக்கும் பந்தயக் களத்துக்கும் திரும்பினார். 1974-இல் சார்லட் நகரப் பந்தயத்தில், தமக்கு முன்னே நின்றுவிட்ட காரின் மீது மோதாமல் இருக்கத் தமது காரைச் சுவரில் மோதவிட்டார்.

1981-இல் மீண்டும் மாரடைப்பு. 1982 அக்டோபரில் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மூன்றாவது மாரடைப்பு ஏற்பட்டது. மறுபடியும் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட நிலையில், டிசம்பர் 8 அன்று நாஷ்வில்லில் 57 வயதில் காலமானார். பைபாஸ் அடைப்புக்கு மாற்று வழி அமைக்கிறதேயன்றி, அடைப்பை உருவாக்கும் நோயை நீக்குவதில்லை. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் 1987-இல்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. ராபின்ஸ் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார்.

பக் ஓவன்ஸின் கடைசி மேடை

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரைக் கன்ட்ரி இசையின் இன்னொரு தலைநகராக மாற்றியவர் பக் ஓவன்ஸ். 1963-இல் அவர் பாடி முதலிடம் பெற்ற 'ஆக்ட் நேச்சுரலி' பாடலை, இரண்டு ஆண்டுகளில் பீட்டில்ஸ் குழுவினரும் பதிவு செய்தனர்.

2006 மார்ச் 24 அன்று பேக்கர்ஸ்ஃபீல்டில் உள்ள தமது சொந்த அரங்கான கிறிஸ்டல் பேலஸில் இரவு உணவை முடித்தபின், உடல்நிலை சரியில்லை என்று கூறி நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு வீடு திரும்ப முடிவு செய்தார். வாகன நிறுத்துமிடத்தில், ஓரிகான் மாநிலத்திலிருந்து தம் பாடலைக் கேட்க வந்திருந்த ரசிகர்களைச் சந்தித்தார். அவ்வளவு தொலைவு வந்தவர்களை ஏமாற்ற மனமின்றி மேடையேறிப் பாடினார். அன்றிரவு உறக்கத்திலேயே அவரது உயிர் பிரிந்தது. வயது 76. மாரடைப்பே காரணமாகக் கருதப்பட்டது.

ரசிகர்கள் இதைக் கலைஞனின் கடமையுணர்வுக்குச் சான்றாகக் கூறுவர். மருத்துவ நோக்கில் இது ஓர் எச்சரிக்கையும்கூட. வயது முதிர்ந்தவர்களுக்கு மாரடைப்பு எப்போதும் கடும் நெஞ்சுவலியோடு வருவதில்லை. 'உடம்பு என்னவோ போல் இருக்கிறது' என்ற சோர்வு, செரிமானக் கோளாறு போன்ற உணர்வு, மூச்சுத்திணறல் ஆகியவையே அறிகுறிகளாக இருக்கக்கூடும். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் இது பொருந்தும்.

1995-இல் 'நாட் ஆன் யுவர் லவ்' பாடலால் முதலிடம் பெற்று, பின்னாளில் இசையைவிட்டுக் காவல்துறை அதிகாரியான ஜெஃப் கார்சன், 2022 மார்ச் 26 அன்று மாரடைப்பால் உயிரிழந்தார். அவருக்கு வயது 58.

நண்பரைப் பார்க்கச் சென்று நோயாளியான ஜானி கேஷ்

1988 டிசம்பரில் வேலன் ஜென்னிங்ஸுக்கு நாஷ்வில்லில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அவரைப் பார்க்க மருத்துவமனைக்குச் சென்றார் நெருங்கிய நண்பர் ஜானி கேஷ். நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்ற யோசனையை ஏற்றுப் பரிசோதனைக்கு உட்பட்டார். அவருக்கும் அடைப்புகள் இருப்பது தெரியவந்து, அதே மருத்துவமனையில் அவருக்கும் பைபாஸ் செய்யப்பட்டது. மீண்டும் அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சத்தால் வலி நிவாரண மருந்துகளை அவர் மறுத்தார்.

இருவரும் இதய நோயால் இறக்கவில்லை. ஜென்னிங்ஸ் 2002-இலும் கேஷ் 2003-இலும் நீரிழிவு நோயின் பாதிப்புகளால் காலமாயினர். அறிகுறி முற்றுவதற்கு முன் செய்த ஒரு பரிசோதனைக்குப் பிறகு கேஷ் மேலும் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரது வாழ்வின் மிகச் சிறந்தவை எனப் பலரும் மதிக்கும் இறுதிக்கால இசைத்தொகுப்புகள் அந்த ஆண்டுகளில்தான் உருவாயின.

இதயச் செயலிழப்பு: மெல்ல வரும் முடிவு

'ஹார்ட் ஃபெயிலியர்' என்று அறியப்படும் இதயச் செயலிழப்பு, இதயம் திடீரென நின்றுவிடுவதைக் குறிப்பதில்லை. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை உந்த இதயத்தால் இயலாத நிலை அது. பல ஆண்டுகள் நீடிக்கும். பாதங்கள் வீங்குதல், படுத்தால் மூச்சுத்திணறல், சிறிது நடந்தாலே களைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஏர்ல் ஸ்க்ரக்ஸுடன் இணைந்து புளூகிராஸ் இசையை உலகறியச் செய்த லெஸ்டர் ஃபிளாட், 1975-இல் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பின்னும் குழுவோடு பயணங்களைத் தொடர்ந்தார். 1979 மே 11 அன்று இதயச் செயலிழப்பால் 64 வயதில் காலமானார். இந்நோயால் இறப்போரின் எண்ணிக்கையை 'ஏஸ்' தடுப்பு வகை மருந்துகள் குறைக்கின்றன என்பது 1987-இல் வெளியான ஆய்வில்தான் உறுதியானது. ஃபிளாட்டின் இசைத்துணைவரான ஸ்க்ரக்ஸுக்கு 1996-இல் மாரடைப்பு ஏற்பட்டு பைபாஸ் செய்யப்பட்டது. அவர் 2012 வரை, 88 வயதுவரை வாழ்ந்தார். இருவரின் உடல்நிலையும் ஒன்றல்ல என்றாலும், இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இதய மருத்துவம் வெகுவாக மாறியிருந்தது.

முதுமையில் இதே நோயால் மறைந்தோர் பட்டியல் நீளமானது. வாழும்போதே ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் கலைஞரான ராய் அகஃப், 1992 நவம்பர் 23 அன்று 89 வயதில் காலமானார். குதிரைவீரன் வேடங்களில் திரையிலும் புகழ்பெற்ற பாடகர் ராய் ராஜர்ஸ், 1998 ஜூலை 6 அன்று 86 வயதில் மறைந்தார். அவரது மனைவியும் பாடகியுமான டேல் எவன்ஸ் 2001-இல் அதே நோயால் 88 வயதில் உயிரிழந்தார். கனடாவில் பிறந்து நாஷ்வில்லில் கோலோச்சிய ஹேங்க் ஸ்னோ, 1999 டிசம்பர் 20 அன்று 85 வயதில் காலமானார்.

டேமி வைனெட்: ஓராண்டுக்குப் பின் மாறிய காரணம்

1968-இல் வெளியான 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' பாடலால் அழியாப் புகழ்பெற்ற டேமி வைனெட், 1998 ஏப்ரல் 6 அன்று நாஷ்வில்லில் உள்ள தமது வீட்டில், சோபாவில் உறங்கிய நிலையில் இறந்தார். வயது 55. நீண்ட காலமாகப் பல அறுவை சிகிச்சைகளுக்கு உள்ளாகி, வலி நிவாரண மருந்துகளைச் சார்ந்திருந்தவர் அவர்.

நுரையீரலில் ரத்தக் கட்டி ஏற்பட்டு அவர் இறந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. அப்போது பிரேதப் பரிசோதனை நடத்தப்படவில்லை. மரணம் குறித்து மகள்கள் கேள்வி எழுப்பி வழக்குத் தொடர்ந்தனர். 1999 ஏப்ரலில் அவரது உடல் தோண்டியெடுக்கப்பட்டு ஆய்வு செய்யப்பட்டது. சீரற்ற இதயத் துடிப்பே மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவ ஆய்வு அதிகாரி அறிவித்தார்.

இதயம் மின்தூண்டலால் இயங்குவது. அத்தூண்டல் தாறுமாறானால், குழாய்களில் அடைப்பே இல்லாதபோதும் இதயம் ரத்தத்தை உந்த முடியாமல் நின்றுவிடும். சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். அத்தகைய ஆபத்து உள்ளவர்களுக்கு மார்பில் பொருத்தும் தானியங்கி மின்னதிர்வுக் கருவி 1980-இல் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் துடிப்புக் கோளாறு உடலில் தடயம் விட்டுச் செல்வது அரிது. உறக்கத்தில் நிகழும் மரணங்களில் காரணத்தை உறுதி செய்வது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம். குடும்பத்தினரின் துயரத்தோடு சந்தேகமும் சேர்ந்துகொள்வதற்கும் இதுவே வழிவகுக்கிறது.

ஜூன் கார்ட்டர் கேஷும் 'உடைந்த இதயமும்'

கார்ட்டர் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறைப் பாடகியும் ஜானி கேஷின் மனைவியுமான ஜூன் கார்ட்டர் கேஷ், இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் 2003 மே 15 அன்று 73 வயதில் காலமானார். வால்வுகள் ரத்தம் ஒரே திசையில் செல்வதை உறுதிசெய்யும் கதவுகள். அவை சுருங்கினாலோ சரியாக மூடாவிட்டாலோ இதயத்தின் சுமை கூடுகிறது.

நான்கு மாதங்கள் முடிவதற்குள், செப்டம்பர் 12 அன்று ஜானி கேஷும் 71 வயதில் மறைந்தார். மனைவி இறந்த துயரத்தால் இதயம் உடைந்து இறந்தார் என்ற பேச்சு இன்றளவும் உண்டு. அதிர்ச்சியாலும் துயரத்தாலும் இதயத் தசை தற்காலிகமாகத் தளரும் நோய் ஒன்றை மருத்துவம் ஏற்றுக்கொண்டுள்ளது என்பது உண்மை. ஆனால் கேஷின் மரணத்துக்குக் கூறப்பட்ட காரணம் நீரிழிவு நோயின் சிக்கல்களும் மூச்சுச் செயலிழப்புமே.

பெருந்தமனி: மாரடைப்பைப் போல் தோன்றும் வேறொன்று

பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 40 பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுசென்ற கான்வே ட்விட்டி, 1993 ஜூன் 4 அன்று மிசூரி மாநிலம் பிரான்சனில் பாடிவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது கடும் வலியால் சுருண்டார். அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகர மருத்துவமனையில் மறுநாள் உயிரிழந்தார். வயது 59. அவருடன் பல ஜோடிப் பாடல்களைப் பாடிய லொரெட்டா லின், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட தமது கணவருக்குத் துணையாக அதே மருத்துவமனையில்தான் இருந்தார்.

ட்விட்டிக்கு நேர்ந்தது மாரடைப்பு அல்ல. இதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றின் வழியே செல்லும் பெருந்தமனியின் சுவர் பலவீனமடைந்து பலூன்போல் வீங்கியிருந்தது. அந்த வீக்கம் வெடித்தது. வெடிக்கும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாத நோய் இது. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூலம் முன்கூட்டியே கண்டறியலாம். புகைபிடித்த பழக்கமுள்ள 65 முதல் 75 வயது வரையிலான ஆண்கள் ஒருமுறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

பெருந்தமனி நோயின் இன்னொரு வடிவம், ஒரு கன்ட்ரி இசைக் கலைஞரின் குடும்பத்தை உலுக்கியது. 'ஹை நூன்' திரைப்படத்தில் ஆஸ்கர் விருது பெற்ற பாடலைப் பாடியவர் டெக்ஸ் ரிட்டர். தமது இசைக்குழு உறுப்பினர் ஒருவரை ஜாமீனில் எடுப்பதற்காக நாஷ்வில் சிறைக்குச் சென்றிருந்தபோது, 1974 ஜனவரி 2 அன்று அங்கேயே நிலைகுலைந்து உயிரிழந்தார். மாரடைப்பு என்று பதிவானது. வயது 68.

அவரது மகனும் புகழ்பெற்ற தொலைக்காட்சி நடிகருமான ஜான் ரிட்டர், 2003 செப்டம்பர் 11 அன்று படப்பிடிப்பின்போது நெஞ்சு வலியால் அவதியுற்றார். மாரடைப்பு எனக் கருதி அவருக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது. உண்மையில் அவரது பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. அன்றிரவே 54 வயதில் அவர் இறந்தார். மறுநாள் வந்தது ஜானி கேஷின் மரணச் செய்தி.

மாரடைப்புக்குத் தரப்படும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் பெருந்தமனி கிழிந்தவருக்கு ஆபத்தாக முடியலாம். மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென, கிழிப்பதுபோல் எழும் கடும் வலி இந்நோயின் முக்கிய அறிகுறி. சி.டி. ஸ்கேன் போன்ற படப்பரிசோதனையால் உறுதி செய்யலாம். குடும்ப வழியாகவும் தொடரக்கூடியது என்பதால், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். ரிட்டரின் மரணத்துக்குப் பின் அவரது குடும்பத்தினர் தொடங்கிய விழிப்புணர்வு முயற்சியின் பயனாக, இந்நோயைத் தவறவிடாமல் இருப்பதற்கான எளிய குறிப்புகள் 'ரிட்டர் விதிகள்' என்ற பெயரில் 2010-இல் வெளியாயின.

பிழைத்தவரும் பிழைக்காதவரும்

ராண்டி டிராவிஸ் 2013 ஜூலையில் டெக்சாஸ் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டபோது அவருக்கு வயது 54. வைரஸ் தொற்றால் இதயத் தசை பலவீனமடைந்து இதயச் செயலிழப்பு ஏற்பட்டிருந்தது. சிகிச்சையின்போது பக்கவாதமும் தாக்கியது. பேச்சாற்றலை இழந்த அவர், நீண்ட பயிற்சிக்குப் பின் 2016-இல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் 'அமேசிங் கிரேஸ்' பாடலைப் பாடினார். 2024-இல், செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அவரது குரலை மீட்டுருவாக்கிப் புதிய பாடல் ஒன்று வெளியிடப்பட்டது.

இதற்கு நேர்மாறானது லெஃப்டி ஃபிரிசெலின் கதை. பிற்காலப் பாடகர்கள் பலர் பின்பற்றிய பாணியை உருவாக்கிய அவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தே இருந்தது. மது அருந்துவதற்கு இடையூறாகும் என்று கருதி மருந்துகளை அவர் தவிர்த்ததாக வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. 1975 ஜூலை 19 அன்று பக்கவாதத்தால் இறந்தபோது அவருக்கு வயது 47. அவரது நோய் மூளையைத் தாக்கியது என்றாலும், அதன் வேரான உயர் ரத்த அழுத்தமே இதயத்துக்கும் பெருந்தமனிக்கும் முதல் எதிரி.

வாசகர் கவனத்துக்கு

மேற்கண்ட மரணங்களில் சிலவற்றை அந்தந்தக் காலத்து மருத்துவத்தால் தடுத்திருக்க இயலாது. இன்று நிலைமை வேறு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் அளந்து கட்டுக்குள் வைப்பதும் புகையை விடுவதும் பெரும்பாலான இதய நோய்களைத் தள்ளிப்போடும். நெஞ்சு, தாடை, தோள், முதுகு ஆகிய இடங்களில் புதிதாகத் தோன்றும் வலியோ காரணமற்ற மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 108 அல்லது 112 எண்ணில் உடனடியாக உதவி கோர வேண்டும். ஒருவர் நினைவிழந்து மூச்சின்றி விழுந்தால், உதவி வரும்வரை மார்பின் நடுவே வேகமாகவும் அழுத்தமாகவும் தொடர்ந்து அழுத்துவது உயிரைக் காக்கும்.

குடும்பத்தில் ஒருவர் 'மாரடைப்பால்' இறந்திருந்தால், அது எவ்வகை நோய் என்பதைக் கேட்டறிந்து ஆவணங்களைப் பாதுகாப்பதும் அவசியம். மருத்துவர் பின்னாளில் அடுத்த தலைமுறையிடம் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.